மானிப்பாயின் கிறீன் வைத்தியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் கதையைச் சொல்பவர்கள் 1822ஆம் ஆண்டை மறக்கமாட்டார்கள். அது ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டு. அதே ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள், நல்லூருக்கு வெகுதொலைவில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் இன்னொரு குழந்தை பிறந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்று பெயர் வைத்தார்கள். நாவலர் தமிழ் உரைநடையைச் சைவத்துக்கு ஆயுதமாக்கினார். கிறீன் அதே தமிழை மருத்துவத்துக்குக் கருவியாக்கினார். சமயத்தில் எதிரெதிர்க் கரையில் நின்ற இருவரும் ஒரே காலத்தில், சில மைல் தூர இடைவெளியில், தமிழ் உரைநடையை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

கிறீன் என்றால் பலருக்கும் இரண்டு செய்திகள் தெரிந்திருக்கும். ஒன்று, மானிப்பாய் ஆஸ்பத்திரி. மற்றது, தமிழில் மேலைநாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர் என்பது. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ்மீது கொண்ட காதலால் செய்தார் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மைக் காரணம் அதைவிடச் சுவையானது. புலம்பெயர்ந்த நம்மைக் கொஞ்சம் உறுத்தக்கூடியதும்கூட.

வூஸ்டரில் கிறீன் குடும்பத்துக்குப் பெரிய பண்ணை நிலம் இருந்தது. கிறீன் ஹில் என்று அதற்குப் பெயர். இன்று அது அந்த நகரத்தின் பூங்கா. குடும்பத்தில் ஏற்கெனவே பல வைத்தியர்கள் இருந்தார்கள். அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கில் சட்டத்தரணியாகிப் பின்னாளில் சென்ற்ரல் பார்க் உருவாவதில் முக்கிய பங்கு வகித்தவர். தனித்தனியாக இருந்த பகுதிகளை 1898இல் ஒரே மாநகராக இணைப்பதற்கு முன்னின்றவரும் அவரே. அண்ணன் நியூயோர்க்கைக் கட்டியெழுப்பிய காலத்தில் தம்பி மானிப்பாயில் கட்டில் போட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் கிறீன் பட்டம் பெற்றார். வசதியான குடும்பம், நல்ல படிப்பு. நியூயோர்க்கிலேயே தொழில் செய்திருக்கலாம். அவரோ பொஸ்ரனில் இயங்கிய அமெரிக்க மிஷன் சங்கத்திடம் தம்மை ஒப்படைத்தார். 1847 ஏப்ரலில் கப்பலேறினார். சென்னை வழியாக ஒக்ரோபர் மாதம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருடைய இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு ஏன் வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அவர்களுடைய முதல் விருப்பம் இந்தியாதான். கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை வரவேற்கவில்லை. இலங்கையில் ஆளுநர் பிரவுண்றிக் இடம் கொடுத்தார். ஆனால் தெற்கும் நகரங்களும் ஏற்கெனவே பிரித்தானிய மிஷன்களின் கையில் இருந்தன. அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது வலிகாமத்துக் கிராமங்கள். 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிப் பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய் என்று பரவினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கு ஒரு செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. வைத்தியமும் புதிதல்ல. ஜோன் ஸ்கடர் 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின் நேதன் வார்ட். வார்டின் இடத்துக்கு வந்தவர்தான் கிறீன்.

முதலில் வட்டுக்கோட்டை; 1848இல் மானிப்பாய். நாவலர் வண்ணார்பண்ணையில் தமது சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அதே 1848இல்தான்.

ஓர் இளம் மிஷன் வைத்தியரின் கிழமை எப்படிக் கழிந்திருக்கும்? மானிப்பாய் அன்று முழுக்க முழுக்கக் கமக்காரரின் ஊர். சுற்றிலும் புகையிலைத் தோட்டம், நெல்வயல், பனங்கூடல். தோட்டத்துக்கு எருப்போட மாடும் ஆடும் இல்லாத வீடு இருக்காது. ஆறில்லாத நாடு என்பதால் எல்லாமே கிணற்றுத் தண்ணீரில் நடந்தன. துலா மிதித்து இறைப்பவன் தவறி விழுவான். பனையேறுபவன் விழுவான். மாடு குத்தும். பாம்பு கடிக்கும். கண்நோய், சிரங்கு, காய்ச்சல், பிரசவச் சிக்கல் எல்லாம் அன்றாடம். ஆண்டுக்கு இரண்டாயிரம் பேரளவில் நோயாளிகளைக் கிறீன் பார்த்தார் என்பார்கள். அப்படியானால் ஒரு கிழமைக்கு நாற்பது பேர். இன்றைய கணக்கில் அது அதிகமாகத் தெரியாது. ஆனால் அந்த நாற்பது பேரில் பலர் ஊர்ப் பரியாரியிடம் போய், கோயிலில் நேர்த்தி வைத்து, சாத்திரம் கேட்டு, எல்லாம் முடிந்தபின் கடைசியாக வெள்ளைக்காரரிடம் வந்தவர்கள். நோய் முற்றிய நிலையில் வந்தவர்களைக் காப்பாற்றினால் பெருமை. தவறினால் பழி முழுவதும் அவருக்கு.

அதுவே அவருடைய முழு வேலையுமல்ல. மருந்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு வேதாகமம் வாசித்துப் பிரசங்கம் நடக்கும். அவர் வந்ததன் நோக்கமே மதமாற்றம் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. உடலுக்கு மருந்து கொடுப்பது உள்ளத்தின் கதவைத் திறக்க என்பதே அன்றைய மிஷன் வைத்தியரின் நம்பிக்கை. மற்ற மிஷன் நிலையங்களில் இருந்த குடும்பங்களுக்கும் அவரே வைத்தியர். ஆகவே உடுவில், பண்டத்தரிப்பு, தெல்லிப்பழை என்று பயணமும் இருக்கும். மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கவேண்டும். தமிழ் படிக்கவேண்டும். உதயதாரகைக்குச் சுகாதாரக் குறிப்புகள் எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குரிய நாள். இதற்கிடையில் ஊருக்குக் கடிதம் எழுதவும் நேரம் கண்டுபிடித்தார். அவருடைய வாழ்க்கை இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தக் கடிதங்களால்தான். அவர் இறந்தபின் அவற்றைத் தொகுத்து எபனேசர் கட்லர் 1891இல் நூலாக்கினார்.

அவருடைய மருத்துவ அறிவின் எல்லையையும் நினைவில் வைக்கவேண்டும். அவர் பட்டம் பெற்ற அடுத்த ஆண்டுதான், 1846இல், பொஸ்ரனில் ஈதர் மயக்கமருந்து கொடுத்துச் செய்த சத்திரசிகிச்சை உலகறியக் காட்டப்பட்டது. கிருமிகளால் நோய் வருகிறது என்ற கொள்கை நிலைபெறவில்லை. யாழ்ப்பாணத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கிய கொலரா கிணற்றுத் தண்ணீரோடு தொடர்புடையது என்று சொல்ல அன்று உலகில் மிகச் சிலரே இருந்தார்கள். ஆனாலும் கிறீன் கொலரா பற்றிச் சிறு பிரசுரம் எழுதினார். கண், காது, வாய், கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பைப் பற்றியும் தனித்தனிப் பிரசுரங்கள் எழுதினார். வைத்தியரிடம் வருமுன்னரே மக்களுக்குச் சில விடயங்கள் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர் நினைத்தது தெரிகிறது.

மருத்துவ வகுப்பை அவர் மானிப்பாயில் 1848இலேயே தொடங்கிவிட்டார். மிகச் சில மாணவர்கள். பாடம் ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பையன்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆகவே அதுவே சுலபமான வழியாகத் தெரிந்தது. இனித்தான் கதையில் திருப்பம் வருகிறது.

செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் கற்ற இளைஞர்கள் அபாரமான திறமைசாலிகள். அந்தத் திறமைக்கு யாழ்ப்பாணத்துக்கு வெளியே நல்ல விலை இருந்தது. கொழும்பில் அரசாங்க உத்தியோகம், மலைநாட்டில் கோப்பித் தோட்டக் கணக்கு, தமிழகத்தில் ஆசிரியர் பதவி. பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி.வை.தாமோதரம்பிள்ளை அங்கே படித்துச் சென்னைக்குப் போனவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். தமிழுக்கு அது பேறு. ஆனால் மிஷனின் கணக்கு வேறு. கிராமத்துக்குப் போதகரும் ஆசிரியரும் உருவாக்க நினைத்துத் தொடங்கிய பள்ளி, கிராமத்தை விட்டு வெளிக்கிடுவதற்கு வாசலாகிவிட்டது. 1855இல் பொஸ்ரனிலிருந்து ரூபஸ் அன்டர்சன் தலைமையில் ஒரு குழு நேரில் வந்து பார்த்தது. தாய்மொழிக் கல்வியே மிஷனின் வழி என்று வற்புறுத்தியது. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

இந்த முடிவு சரியா தவறா என்பது இன்றுவரை தீராத வாதம். ஆங்கிலக் கல்வியைப் பறித்துவிட்டார்கள் என்று அன்று ஊரார் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பிலும் நியாயம் இருந்தது. கிராமத்துப் பையன் மேலே வருவதற்கு இருந்த ஒரே ஏணியல்லவா அது? 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானதற்கு அந்த வேட்கையும் ஒரு காரணம்.

கிறீன் இதைத் தமது வகுப்பிலேயே பார்த்தார். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. மானிப்பாயிலோ உரும்பிராயிலோ இருந்து கமக்காரனின் புண்ணுக்கு மருந்து கட்ட அவர் ஏன் இருக்கப்போகிறார்? கிறீனின் கணிப்பு எளிமையானது. தமிழில் மட்டும் படித்த வைத்தியருக்கு அரசாங்க வேலை கிடைக்காது; ஆகவே அவர் ஊரில் இருப்பார். தம் மக்களோடு அவர்களுடைய மொழியிலேயே பேசுவார். ஒரு மென்பொருள்காரனின் கண்ணால் பார்த்தால் இது சாமர்த்தியமான வடிவமைப்பு என்று தோன்றுகிறது. நல்ல மனதை நம்பாமல், கட்டமைப்பையே அதற்கேற்ற மாதிரி அமைத்துவிடுகிறார். ஆனால் அந்தக் கட்டமைப்புக்குள் அகப்பட்ட மாணவனின் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு பூட்டும்தான். வெளியே போகும் கதவைச் சாத்திவிட்டுச் சேவை செய்யச் சொல்வது அது.

உடல்நலம் கெட்டு 1857இல் கிறீன் அமெரிக்கா திரும்பினார். 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, மனைவியோடு மீண்டும் மானிப்பாய் வந்தார். இந்த இரண்டாவது வருகையில்தான் தமிழில் வகுப்பு முழு வேகத்துடன் நடந்தது. மாணவர்கள் காற்சட்டைக்கு மாறாமல் வேட்டியும் சால்வையும் அணிந்தே தொழில் செய்யவேண்டும் என்று விரும்பினார். அரைகுறை ஐரோப்பியர்களை உருவாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் வைத்தியர்களாக்கினார். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தமிழிலேயே படித்தவர்கள்.

தமிழில் படிப்பிக்க வேண்டுமானால் தமிழில் புத்தகம் வேண்டும். ஒன்றும் இல்லை. ஆகவே தாமே இறங்கினார். முதல் தங்கலிலேயே கட்டரின் உடற்கூற்று நூலை அங்காதிபாத சுகரணவாத உற்பாலனம் என்ற பெயரில் கொண்டுவந்தார். மகப்பேற்றுக்குப் பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. இரண வைத்தியம் 1867. அதே ஆண்டில்தான் லிஸ்டர் தமது கிருமிநீக்கச் சத்திரசிகிச்சை முறையை எழுதி வெளியிட்டார். மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் இரண்டும் 1872. இந்த மனுஷ அங்காதிபாதம் வேறொன்றுமில்லை. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் கிறேயின் உடற்கூற்று நூல்தான். லண்டனில் அது முதன்முதல் அச்சானது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தை இன்றைய பதிப்பகங்களிடமும் எதிர்பார்க்க முடியாது.

இவையெல்லாம் தனியொருவரின் உழைப்பல்ல. டான்போர்த், சப்மன் என்று அந்த நூல்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள், கிறீனின் மாணவர்கள். மிஷன் விடுதியில் படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்களின் பெயரை வைப்பது அன்றைய வழக்கம். மாணவர் மொழிபெயர்ப்பதும் ஆசிரியர் திருத்துவதுமாக வேலை நடந்தது. கிறீனைக் கொண்டாடும்போது இவர்களை மறந்துவிடுகிறோம். தமிழில் விஞ்ஞானம் எழுதியவர்கள் பட்டியலில் இவர்களுக்கும் முன்வரிசையில் இடம் உண்டு.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் வடமொழியில் தேடுவது. அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுவது. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தது இந்த மூன்றாவது வழியில். கலைச்சொற்களைத் தனியாகத் தொகுத்தும் வெளியிட்டார். கணினித் திரையில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து இதே மூன்று படிகளில் நின்று சண்டைபிடித்தார்கள். கோப்பா, ஃபைலா? மென்பொருளா, சொவ்ற்வெயரா? கிறீனுக்கு அந்தச் சண்டைக்கு நேரமில்லை. அடுத்த கிழமை வகுப்பு இருந்தது. ஏதாவது ஒரு சொல்லை முடிவுசெய்து, எல்லா நூலிலும் அதையே பயன்படுத்துவது அவருக்கு முக்கியமாக இருந்தது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நூல்களை இன்று திறந்தால் ஒரு பக்கம் தாண்டுவதே கடினம். சுகரணம், உற்பாலனம் போன்ற சொற்கள் அன்றைய கமக்காரனுக்கு மட்டும் புரிந்திருக்குமா என்ன? வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் ஆங்கிலம் என்ற வேலியை எடுத்துவிட்டு வடமொழி என்ற வேலியைப் போட்டதாகவும் ஒருவர் வாதிடலாம். ஆனால் அன்று கற்ற தமிழரின் நடை அதுதான். தவிர, வைத்தியர் நூலில் படிப்பது ஒரு தமிழ். நோயாளியிடம் பேசுவது இன்னொரு தமிழ். முதலாவதைக் கற்றவர் இரண்டாவதுக்கு இறங்கிவருவது சுலபம்.

மறுபடியும் உடல் ஒத்துழைக்கவில்லை. 1873இல் குடும்பத்துடன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். வழக்கமாகக் கதை இங்கே முடியவேண்டும். ஊர் திரும்பிய மிஷனரி ஓய்வெடுப்பார். பழைய நினைவுகளை எழுதுவார். கிறீன் வூஸ்டரில் உட்கார்ந்து தமிழ் மருத்துவ நூல் வேலையைத் தொடர்ந்தார். கெமிஸ்தம் 1875இல் வந்தது. டால்ரனின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883இல். கடைசி நூல் இந்து பதார்த்த சாரம் 1884இல். இந்தியாவில் கிடைக்கும் மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூல் அது. கப்பலில் வரும் மருந்தை எதிர்பார்த்திராமல் உள்ளூரில் கிடைப்பதை வைத்து வைத்தியம் செய்ய வழிகாட்டுவது. கிராமத்து வைத்தியரைப் பற்றிய கவலை கடைசிவரை விடவில்லை. தமிழில் மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல் அச்சில் வந்ததாகக் கணக்கிடுவார்கள்.

1884 மே 28ஆம் நாள் வூஸ்டரில் காலமானார். கொலராக் கிருமியைக் கண்டறிந்த கொஹ் அதை உலகுக்கு அறிவித்ததும் அந்த ஆண்டில்தான். தமது கல்லறையில் எழுதவேண்டியதைக் கிறீன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். தமிழருக்கு மருத்துவப் பணிசெய்த ஊழியர் என்ற பொருளில் ஒரு வரி அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறந்த ஊரில், உறவினர் நடுவில் புதைக்கப்படும் ஒருவர், அங்கே பலரும் கேள்விப்பட்டேயிராத ஓர் இனத்தின் பெயரால் தம்மை அடையாளப்படுத்திக்கொண்டார்.

அவருக்குப் பின் தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தது. அங்கே ஆங்கிலம்தான். பட்டத்துக்கும் பதவிக்கும் வழி அதுவே என்றான பின் தமிழில் படிக்க யார் வருவார்? மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நின்றது. அவர் வகுத்த வழி நிற்கவில்லை.

தோல்வி என்று இதைச் சொல்லலாமா? ஸ்காபரோவில் இருந்து இதை எழுதும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சங்கடமாக இருக்கிறது. எங்கள் தெருவில் மானிப்பாய்க்காரர் உண்டு. உடுவில் மகளிர் கல்லூரியிலும் யாழ்ப்பாணக் கல்லூரியிலும் படித்தவர்கள் உண்டு. நாங்கள் வெளிக்கிட்டதற்குப் போர் ஒரு பெரிய காரணம். ஆனால் போருக்கு நூறாண்டுக்கு முன்பே, படித்தவன் வெளியேறுவான் என்ற விதியை வட்டுக்கோட்டை கண்டுவிட்டது. கிறீன் அந்த விதியோடு மல்லுக்கட்டியவர். வெல்லவில்லை.

ஆனால் அவருடைய கேள்வியின் மற்றப் பாதி இங்கேயும் எங்களைத் துரத்தி வந்திருக்கிறது. ஸ்காபரோவில் வைத்தியரின் அறையில் ஓர் அம்மம்மா தன் வயிற்றுக்குள் நடப்பதைச் சொல்ல, பன்னிரண்டு வயதுப் பேரன் அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய நிலை பல வீடுகளில் இருந்தது, இருக்கிறது. குத்துது, குடையுது, எரியுது, புகையுது, இழுக்குது என்று நோவுக்கு அவரிடம் ஐந்து சொல். பேரனிடம் இருப்பது ஒன்று. நோவு. அந்த இடைவெளியில் நோய் ஒளிந்துகொள்ளும். நல்ல மருத்துவம் என்பது மருந்தோடு முடிவதில்லை, நோயாளியின் சொல்லிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கிறீன் 1848இலோ 1862இலோ எப்போது உணர்ந்தாரோ, உணர்ந்துவிட்டார். அதற்காகத் தம் வாழ்நாளில் பாதியைக் கொடுத்தார்.

தமிழ் தெரிந்த வைத்தியர்களும் தாதியரும் மொழிபெயர்ப்பாளரும் இங்கே இன்று நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அம்மம்மாவின் ஐந்து சொல்லையும் அதன் ஆங்கிலப் பொருளையும் எழுதி வைத்தால், மானிப்பாயில் நின்றுபோன வேலை கொஞ்சம் நகர்ந்ததாக இருக்கும்.